போன் வேண்டாம், மெசேஜ் போடுங்க

எனக்குக் காது கேட்காது என்பது ஜவுளிக்கடையில் யாருக்கும் தெரியாமல் பல வருடங்கள் ஓட்டிவிட்டேன். அரியலூர் கடைத்தெருவில் இருந்த அந்தக் கடையில் பில் போடுவது என் வேலை. துணி எடுத்தவர்கள் நேராக என் முன்னால் வந்து நிற்பார்கள். விலை துணியிலேயே இருக்கும். அவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "பெரிய பையா குடுங்க", "புடிக்கலன்னா மாத்திக்கலாமா?", "கொஞ்சம் கொறைங்களேன்." உதடு அசைவதைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவேன். பில் போடுகிற பெண் சிரித்த முகமாக, எதிரில் நிற்பவரின் முகத்தையே பார்த்துப் பேசுகிறாள் என்று முதலாளிக்கு என் மேல் தனி மரியாதை. அது மரியாதைக்காகப் பார்த்தது இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

காது ஒரே நாளில் போய்விடவில்லை. பி.காம். முடித்த சமயத்தில் கடுமையான காய்ச்சல் ஒன்று வந்தது. அது விட்டபோது வலது காதில் ஒரு இரைச்சல் மட்டும் தங்கிவிட்டது. கல்யாணமாகி மகள் பிறந்த பிறகு இடது காதும் மங்கத் தொடங்கியது. முதலில் குக்கர் விசில் போனது. அடுத்து, அடுத்த அறையிலிருந்து மகள் கூப்பிடுவது போனது. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். டவுன் கடையில் வேலைக்குப் போகிற திமிர் என்று பேர் வந்தது. செவிடி என்று பேர் வாங்குவதைவிட இது தேவலை என்று விட்டுவிட்டேன்.

உதட்டைப் படிக்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. தேவைதான் கற்றுத் தந்தது. அதில் தமிழ் நம்மை மாட்டிவிடுகிற இடங்கள் உண்டு. 'அப்பா' என்றாலும் 'அம்மா' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'பாப்பா'வும் 'மாமா'வும் அப்படித்தான். முன்னும் பின்னும் என்ன பேச்சு என்று வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மீசை அடர்த்தியாக இருந்தால் பாதிப் பேச்சு மீசைக்குள் போய்விடும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுகிறவரிடம் நான் தலையை மட்டும் ஆட்டுவேன். நாள் முழுக்க இப்படி ஊகித்து ஊகித்து, சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது கண் எரியும்.

பிறகு கொரோனா வந்தது. மூடிய கடையை மறுபடி திறந்தபோது எல்லோர் வாயும் மூடியிருந்தது. அந்த முதல் நாள் காலையில் என் முன்னால் ஒரு அம்மாள் வந்து நின்றார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் என்னிடம் ஏதோ கேட்டது. "மாத்திக்கலாங்க" என்றேன். கண் சுருங்கியது. மறுபடியும் கேட்டது. "பையில போட்டாச்சுங்க" என்றேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

ஒரு வாரம் இப்படியே போனது. ஒரு மத்தியானம் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, தன் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"என்னம்மா, காது கேக்கலையா ஒனக்கு?"

யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. "இந்த மாஸ்க்கெல்லாம் ஒழியட்டும். பொறவு வாம்மா, பாத்துக்கலாம்" என்றார். மாஸ்க் ஒழிந்த பிறகு போனேன். என் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். முதலாளி என்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். "வூட்லயே இரேன். நான் வேலைக்குப் போறேன்ல?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். பேச்சே இல்லாமல் போகும். கொஞ்ச நாள் ஊரில் முந்திரி உடைக்கப் போனேன். கையில் முந்திரி ஓட்டின் பால் பட்டு வெந்து தோல் உரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுற்றி உட்கார்ந்த பெண்கள் குனிந்தபடியே பேசுவார்கள். திடீரென்று எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். எதற்கு என்று தெரியாது. நானும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்து வைப்பேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று வீட்டுக்கு வந்து யோசிப்பேன். கடைசியில் அந்த வேலையை விடவைத்தது சிரிப்புதான்.

அரசு ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்து மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியது அதற்குப் பிறகுதான். காதுக்கு ஒரு மெஷினும் கிடைத்தது. அதைப் போட்டால் மின்விசிறிச் சத்தமும் தட்டு விழுகிற சத்தமும் பெரிதாகக் கேட்கும். வார்த்தை மட்டும் வராது. அட்டை கொடுத்த இடத்தில்தான் வேலைவாய்ப்பு ஆபீஸில் போய்ப் பதிந்து வையுங்கள் என்று எழுதிக் காட்டினார்கள். பிளஸ் டூ முடித்ததும் எங்கள் செட்டில் எல்லோரும் பதிந்தவர்கள்தான். புதுப்பிக்காமல் விட்டதால் என் பதிவு எப்போதோ காலாவதியாகியிருந்தது.

என் சார்பில் பேசுவதற்காக வீட்டுக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். அரியலூர் வேலைவாய்ப்பு ஆபீஸில் எங்களை ஒரு மேடத்திடம் அனுப்பினார்கள். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தருவது அவர் பொறுப்பு. அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வீட்டுக்காரர் பதில் சொன்னார். இன்னொன்று கேட்டார். அதற்கும் அவரே பதில் சொன்னார். நான் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில ஒக்காருங்க."

"அதுக்குக் காது கேக்காதுங்களே மேடம்."

"தெரியுங்க. வேலைக்குப் போகப்போறது அவங்கதான? நான் அவங்ககிட்டயே பேசிக்கிறேன்."

வீட்டுக்காரர் எழுந்து போனதும் மேடம் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பேசினார். நான் சொன்னேன்: "சாதாரணமா பேசுங்க மேடம். அப்பத்தான் புரியும். வாயை இழுத்தா வார்த்தை கோணிடுது." அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. நானும் அவரோடு சேர்ந்தே சிரித்தேன், தாமதமில்லாமல்.

"என்ன வேலை புடிக்கும் ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

"பில் போடத் தெரியும் மேடம். கம்ப்யூட்டர்ல டேலியில கணக்குப் போடவும் தெரியும்."

"தெரிஞ்சதைக் கேக்கல. புடிச்சதைக் கேட்டேன்."

"சாயங்காலம் வரவும் செலவும் ஒத்துப்போவுமில்ல, அது புடிக்கும்" என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். அரசு வேலைக்குப் பதிந்தது அது பாட்டுக்கு இருக்கட்டும், அதையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றார். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் தனியார் கம்பெனிகளின் வேலைவாய்ப்பு முகாம் நடக்கப்போகிறது, அதற்குத் தனியாக வந்துவிடுவீர்களா என்று கேட்டார். வந்துவிடுவேன் என்றேன். வெளியே வந்தபோது வீட்டுக்காரர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஏதாவது பேசினாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

முகாம் நடந்த கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன் எண்ணை மைக்கில் கூப்பிடுவார்கள். மைக்குக்கு முன்னால் இருந்தவரின் வாயை மைக்கே மறைத்துக்கொண்டிருந்தது. யார் எழுந்தாலும் என் எண்ணோ என்று நானும் பாதி எழுந்து உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இதைக் கவனித்திருக்கிறார். இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை, மடியில் ஊன்றுகோல்கள், சுத்தமாக மழித்த முகம். திருமழபாடியிலிருந்து வந்திருந்தார். சின்ன வயதில் போலியோ. கம்ப்யூட்டர் படித்தவர். என் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன்.

"டோக்கனைக் காட்டுங்க. கூப்புட்டா நான் சொல்றேன். நீங்க நிம்மதியா ஒக்காருங்க."

அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். எங்களுடையது இரண்டும் ஒரே கம்பெனிக்கான டோக்கன்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் கையைத் தட்டினார். ஆனால் அவர் முகம் வாடியிருந்தது.

"ரெண்டு பேரையும் கூப்புட்டாங்க. ஆனா அந்தக் கம்பெனிக்கு மட்டும் மாடியில ரூம் போட்டிருக்காங்களாம். கரண்டு வசதி அங்கதான் இருக்காம். நீங்க போங்க. என்னால அந்தப் படி ஏற முடியாது."

"மேல சொல்லலையா?"

"யாரு போய்ச் சொல்றது?"

நான் எழுந்து மாடிக்குப் போனேன். கைப்பிடி இல்லாத செங்குத்துப் படி. அறையில் மேசைக்குப் பின்னால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். ஆணுக்கு அடர்ந்த மீசை. என் சான்றிதழ்களைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"சார், கீழ ஒருத்தரு இருக்காரு. காலு முடியாதவரு. படி ஏற முடியாது. நீங்க கீழ வந்துதான் பாக்கணும்."

அவர் ஏதோ சொன்னார். மீசை அசைந்தது. எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டுங்கள் என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த முகாமில் அவரைப் பார்க்கிறோம் என்று எழுதிக் காட்டினார்.

"அடுத்த முகாமையும் மாடியில வச்சா என்ன சார் பண்ணுவாரு?"

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களைப் பார்த்துத்தான் நான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். என் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்பது எனக்குக் கேட்பதில்லை. அவமானமாக இருந்தது. ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

அந்தப் பெண் அதிகாரிதான் முதலில் எழுந்தார். லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். கீழே இறங்கினால் எங்கள் மேடம் எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கல்லூரி ஆட்களிடம் கை நீட்டிப் பேசியதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மேசை ஒன்று பந்தலுக்கு வந்தது. அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி வந்தவர் அந்த மீசைக்காரர். திருமழபாடிக்காரரை நேர்காணல் முடித்து அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். சரக்கு அனுப்புகிற பிரிவில் கம்ப்யூட்டர் வேலை. அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

என்னிடமும் அந்தப் பெண் அதிகாரி நன்றாகவே பேசினார். டேலியில் சில கேள்விகள் கேட்டார், சொன்னேன். "போன்ல சொல்றோம்" என்றார். "போன் வேண்டாம், மெசேஜ் போடுங்க" என்றேன். சரி என்று குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டாரே என்று நம்பி ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கையில் அதிர்ந்ததும் எடுத்தேன். "எனக்குக் காது கேக்காதுங்க. மெசேஜ் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறுபடி வந்தது. அதே பதிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு வரவில்லை, மெசேஜும் வரவில்லை. அது எந்தக் கம்பெனியோ, இல்லை கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களோ என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்து நாள் போல ஆனபிறகு மேடத்திடமிருந்துதான் மெசேஜ் வந்தது. அந்தக் கம்பெனியில் கூப்பிட்டார்களாம். கூப்பிட்டவர் வேறு ஆள், என் குறிப்பைப் பார்க்காதவர். சொல்வதைக் கேட்காமலே வைத்துவிடுகிறாள், விருப்பமில்லை போலிருக்கிறது என்று வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து அரியலூர் போனேன். போகிற வழியெல்லாம் மேடத்திடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன். ஆபீஸுக்குள் நுழைந்ததும் அதெல்லாம் ஒரே கேள்வியாக வந்தது.

"நான் இன்னும் என்ன மேடம் பண்ணணும்?"

அவர் என்னை உட்காரவைத்துவிட்டு, என் எதிரிலேயே அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணினார். ஒரு பக்கப் பேச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் முதலில் கடுகடுத்தது, பிறகு கெஞ்சியது, பிறகு வெறுமையாகிவிட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போச்சுங்க. ஆள் சேந்துட்டாரு. ஒண்ணும் பண்றதுக்கில்ல."

நாலு ஆறுதல் வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் ஏறியிருக்கும். போச்சு என்று உடைத்துச் சொன்னது ஒரு விதத்தில் நல்லதாக இருந்தது. பிறகு அவர், "நீங்க பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டீங்க. தப்பு அங்க. இனிமே பேப்பரை அனுப்பிட்டு நான் இங்க ஒக்காந்திருக்கப்போறதில்ல. கூட வரேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். பெரம்பலூருக்கு வெளியே மக்காச்சோளத்தை அரைத்துக் கோழித்தீவனம் தயாரிக்கும் ஆலை ஒன்றில் எடைமேடை அறையில் பில் போட ஆள் தேவைப்பட்டது. இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். ஆலைக்குள் நுழைந்ததும் தரை அதிர்வது செருப்பு வழியாகக் காலில் ஏறியது. மேனேஜர் வயதானவர், மீசை இல்லாதவர். இயந்திரச் சத்தத்தில் பல காலம் இருந்து பழகியதாலோ என்னவோ, முகத்துக்கு நேரே வந்து நின்றுதான் பேசினார். அவர் பேச்சு எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவர் சொன்ன விஷயம்தான் சங்கடமாக இருந்தது.

"கணக்கு நல்லாத்தான் போடுவீங்க. நான் இல்லன்னு சொல்லல. இங்க லாரி ரிவர்ஸ்ல வரும். ஹாரன் அடிப்பான், கேட்டாத்தான ஒதுங்குவீங்க? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான பதில் சொல்லணும்?"

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நானே சொன்னேன்: "எனக்கும் அந்தப் பயம் இருக்குங்க சார்." உண்மையைத்தான் சொன்னேன். அரியலூரில் ரோட்டைக் கடக்கும்போது சிமெண்டு லாரி ஒன்று என் முந்தானையை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் காற்று பட்ட பிறகுதான் லாரி வந்ததே எனக்குத் தெரியும்.

மேனேஜர் என்னையே பார்த்தார். பிறகு, வாங்க என்று கையசைத்து எங்களைக் கூட்டிக்கொண்டு எடைமேடையைச் சுற்றி நடந்தார். அறையின் வாசல் நேராக லாரி வருகிற பாதையில் திறந்தது. அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அதை மறைத்துக் காலிச் சாக்குகளை அடுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் லாரி வருவதற்கு வழியே இல்லை. மேடம் அந்தக் கதவைக் காட்டினார். மேனேஜர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாக்குகளைப் பார்த்தார். லாரி எடைமேடையில் ஏறினால் அறைக்குள் இருக்கும் பெட்டியில் எண் தானாக எரியும், அதற்குக் காது வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். "ஆமா, அது சரிதான்" என்று மெதுவாகத் தலையாட்டினார். "ஒரு மாசம் பாப்பம். பின்வாச வழியாத்தான் வரணும், போவணும். முன்பக்கம் காலு வெக்கக் கூடாது."

இப்படித்தான் வேலை கிடைத்தது. அந்தக் காலிச் சாக்குகளை நகர்த்த இரண்டு ஆள் போதுமாக இருந்தது.

அந்த ஆலையில் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. அரவை ஓடும்போது அங்கே யாருக்குமே காது கேட்காது. மூட்டை எத்தனை, தண்ணீர் வேண்டுமா, கரண்டை நிறுத்து, எல்லாமே கைஜாடைதான். இரண்டே நாளில் அந்த ஜாடைகள் எனக்கு அத்துப்படி. சாப்பாட்டு நேரத்தில் இயந்திரத்தை நிறுத்துவார்கள். உடனே எல்லோரும் பேசத் தொடங்கிவிடுவார்கள், நான் மறுபடியும் செவிடியாகிவிடுவேன். டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, எப்போது அரவை ஓடும் என்று காத்திருப்பேன்.

சங்கடம் லாரிக்காரர்களிடம்தான் வந்தது. அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பக்கவாட்டில் நின்றுகொண்டு கேட்பார்கள். நான் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினார். நிமிர்ந்து பார்த்தபோது அவர் திட்டி முடித்திருந்தார். கடைசி வார்த்தை மட்டும் உதட்டில் இருந்தது. அது 'திமிரு' என்பது. ஊரில் எத்தனை காலமாகப் பார்த்துப் பழகிய வார்த்தை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் சுற்றி ஒரு தகரப் பலகை கொண்டுவந்தார். ஜெயங்கொண்டத்தில் பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்து. 'எனக்குக் காது கேட்காது. என் முகத்தைப் பார்த்துப் பேசவும்.'

"இதை மாட்டு. யாரு திட்டுறான்னு பாப்பம்."

இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை இப்படி மஞ்சளில் எழுதித் தொங்கவிடுவதா? "நம்ம ஊரு லாரியெல்லாம் வருதுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றேன்.

"தெரியட்டும். தெரியாம இருந்து என்னத்தக் கண்டோம்?"

அவர் அப்படி என் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. எனக்குத் தெரியாமல் எங்கேயோ கற்றுக்கொண்டு வந்ததைப் போல இருந்தது.

மறுநாள் காலை மேனேஜரைக் கேட்டுப் பலகையை மாட்டினேன். அன்றைக்கு முதலில் வந்த லாரி டிரைவர் படித்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, குனிந்து ஜன்னலுக்கு நேரே முகத்தை வைத்துப் பேசினார். நான் பயந்தபடியே சேதி ஊருக்கும் போனது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் என் தோளைத் தொட்டுத் திருப்பி, "நீ கோவக்காரின்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன், சொல்லக் கூடாதா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் என்று சொன்னது இப்போது ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. திருமழபாடிக்காரருக்கு அந்த வேலை நிலைக்கவில்லை. வேலையில் குறை இல்லை. தங்குவதற்கு அவர் ஏறக்கூடிய மாதிரி ஒரு அறை பெரம்பலூரில் கிடைக்கவில்லை. தினமும் பஸ் மாறி மாறி வந்து, ஏறி இறங்கி, ஒரு நாள் படியில் விழுந்து கையில் அடி. வேலையை விட்டுவிட்டு மறுபடி பதிந்துவைத்திருக்கிறார். வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி வேலைக்கு மேடம் அலைந்துகொண்டிருக்கிறார். வேலை கிடைப்பது ஒன்று, அந்த வேலைக்குப் போய்ச் சேருவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் படியும் பஸ்ஸும் போனும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு வேலைவாய்ப்பு ஆபீஸில் ஒரு மேசை இருக்கிறது என்பதே எனக்கு ரொம்ப நாளாகத் தெரியாது.

போன மாதம் மேடம் கேட்டுக்கொண்டதற்காக ஒரு முகாமுக்குப் போனேன். காது கேளாதவர்கள் வந்தால் கூட இருந்து உதவச் சொன்னார். ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவுடன் வந்திருந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள். மேடம் காதைத் தொட்டு என்னைக் காட்டியதும் அவள் முகம் மலர்ந்து, இரண்டு கைகளாலும் என்னிடம் மளமளவென்று பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சைகை மொழி எனக்குத் தெரியாது. ஆலையில் பழகிய ஜாடைகள் மூட்டைக்கும் தண்ணீருக்கும்தான் உதவும். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். அவள் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி எழுதினாள். 'நான் தையல் வேலை ஆசை போக அம்மா பயம்.' எனக்கு எழுத்து எவ்வளவு சுலபமோ அவளுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடக் காதில் விழாதவளுக்குத் தமிழே இரண்டாவது மொழிதான். எழுதிக் காட்டுங்கள், மெசேஜ் போடுங்கள் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றியதே இல்லை.

அவள் கையால் கேட்டது புரியாமலே நான் தலையாட்டினேன். அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். என் கையைப் பிடித்து நிறுத்தி, புரியாவிட்டால் தலையாட்டாதே என்பது போல விரலை ஆட்டினாள். அவள் அம்மா பதறிப்போய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவரிடம் உங்கள் மகள் செய்தது சரிதான் என்றேன்.

அன்றைக்கு அவளுக்கு வேலை அமையவில்லை. பெரம்பலூரில் ஒரு தையல் பயிற்சியில் மேடம் சேர்த்துவிட்டிருக்கிறார். அம்மாவின் பயம் முழுக்கப் போகவில்லை, முதல் வாரம் முழுவதும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்கு வீடியோ கால் போடுகிறாள். போன் அதிர்ந்தால் நான் பதறாமல் எடுக்கிற ஒரே எண் அவளுடையதுதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் கையை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டுகிறாள். என் விரல்கள் முந்திரி உடைத்ததிலிருந்து கொஞ்சம் விறைத்தவை, சரியாக மடங்காது. தப்பாகச் செய்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். போன ஞாயிறு ஏதோ ஒரு முழு வாக்கியம் சொன்னாள். மூன்று தடவை கேட்டும் பிடிபடவில்லை. அவள் விடவில்லை, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.